நிலமும் பொழுதும் கனியும்

திண்டுக்கல் நகருக்குப் பெயர் தந்த பாறை, பெரியதொரு திண்டினைத் தரையில் இட்டு வைத்தாற்போல ஊரின் மேற்கே கிடக்கின்றது. அதன்மேல் கோட்டை உள்ளது. நாயக்க மன்னரும் ஐதர் அலியும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்ட கோட்டை அது. வரலாற்றில் விருப்பமுடையோர் அதனைக் காண்பதற்காகப் பாறையில் ஏறுவர். எனக்கோ கோட்டையைக் காட்டிலும் அங்கிருந்து தோன்றும் காட்சியே பெரிது. கீழே சமவெளி பரந்து கிடக்கும். பனைகளும் புளியமரங்களும் கிணற்றுத் தோட்டங்களும், இடையிடையே பச்சைப் பாய் விரித்தாற்போலத் திராட்சைப் பந்தல்களும் தெரியும். தெற்கிலும் தென்கிழக்கிலும் சிறுமலை எழுந்து நிற்கும். மேற்கே நோக்கினால் கோடையிலும் நீலம் மாறாத பழனிமலைத் தொடரும், அதன் தோளின்மேல் கொடைக்கானலும் உள்ள திசை புலப்படும். நின்ற இடத்தினின்றும் ஓரடி பெயராமலே வெயிலும் மழையும் இரவும் வேறுவேறான மூன்று நாடுகளைப் பார்த்துவிடுகின்றோம்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உயரமே. திண்டுக்கல் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானலின் உயரமோ ஏறத்தாழ 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் மேலே செல்ல, வெப்பம் ஆறரைப் பாகை செல்சியஸ் அளவுக்குக் குறையும் என்பது வானிலை நூலார் கணக்கு. அக்கணக்கின்படி நமக்கும் கொடைக்கானலுக்கும் பன்னிரண்டு பாகை வேற்றுமை உண்டு. பங்குனி மாதத்து நண்பகலில் இங்கே நாய்கள் நிழல் தேடி நாவைத் தொங்கவிட்டுக் கிடக்கும்; அதே மாதத்து மாலையில் அங்கே மக்கள் போர்வை தேடுவர். இடையில் இருப்பது சில மணிநேரப் பேருந்துப் பயணமே.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர்ப் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். ஆண்டுதோறும் ஐந்திணைப் பாடம் வரும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்ததையும், தெய்வம், உணவு, மரம், பறவை முதலியவற்றைக் கருப்பொருள் என அமைத்ததையும் கரும்பலகையில் எழுதுவேன். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது. கூதிராவது ஐப்பசியும் கார்த்திகையும்; முன்பனியாவது மார்கழியும் தையும்; யாமமாவது நள்ளிரவு. மாணவரும் இவற்றை மனப்பாடம் செய்வர், தேர்வில் எழுதுவர், பின்பு மறப்பர். ஓராண்டு கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, கொடைக்கானல் மலைதானே? அங்கே ஆப்பிள் விளைகிறது. அப்படியானால் ஆப்பிளும் குறிஞ்சிக்குக் கருப்பொருள் ஆகுமா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் கேட்டது இலக்கண நூலுக்குப் புறம்பாயினும் இலக்கணத்தின் உயிர்நிலையைத் தொட்ட கேள்வி என்று எனக்குத் தோன்றிற்று. அன்று தொடங்கி, கனிகளைப் பற்றி அறிந்தோரிடம் கேட்பதும், வாய்த்தபோது மலைத் தோட்டங்களுக்குச் சென்று பார்ப்பதும் எனக்கு வழக்கமாயின.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஆப்பிளுக்கு ‘அரத்தி’ என்றும் ‘குமளி’ என்றும் அகராதியிற் பெயர் உண்டு. திண்டுக்கல் கடைவீதியில் நின்று “ஒரு கிலோ அரத்தி தருக” என்று கேட்டால், கடைக்காரர் நம் உடல்நலத்தை விசாரிப்பார். ஆதலின் மக்கள் வழங்கும் பெயரையே நானும் வழங்குகின்றேன்.

ஆப்பிளின் தாயகம் நடு ஆசியாவிலுள்ள தியான்சான் மலைச்சாரல். கசகஸ்தான் நாட்டிலுள்ள அல்மாட்டி நகரின் பெயரிலேயே அக்கனி இருக்கின்றது. கசக் மொழியில் ‘அல்மா’ என்றால் ஆப்பிள். கடும்பனி பொழியும் அம்மலைகளில் பிறந்த மரம், பிழைப்பதற்காக ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டது. குளிர்காலம் வந்ததும் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு உறங்கும். நடுவே நான்கு நாள் வெயில் அடித்தாலும் ஏமாந்து விழிக்காது. விழித்துத் தளிர்த்தால் அடுத்த பனியில் கருகிப்போகுமல்லவா? போதிய குளிரை அனுபவித்த பின்பே அதன் மொட்டுகள் கண் திறக்கும். ஏழு பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிர், பெரும்பாலான உயர்ந்த வகைகளுக்கு 800 முதல் 1,200 மணி நேரம் வரை வேண்டும் என்பர். அம்மணிக்கணக்கை மொட்டு தன்னுள்ளே எண்ணிக்கொண்டிருக்கின்றது எனலாம். எண்ணிக்கை நிறையாவிட்டால் மரம் அரைத்தூக்கத்தில் எழுந்தவரைப்போலத் தடுமாறும். சில மொட்டுகள் விழிக்கும். சில விழிக்கவே மாட்டா. ஒரே மரத்தில் ஒரு கிளை பூத்திருக்க, மற்றொரு கிளை மொட்டையாய் நிற்கும்.

இங்கே ஓர் ஐயம் எழும். இமயமலைச் சாரலிலுள்ள சிம்லாவின் உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர். கொடைக்கானலும் ஏறக்குறைய அவ்வுயரமே. அங்கே விளையும் ஆப்பிளுக்கும் இங்கே விளையும் ஆப்பிளுக்கும் வேற்றுமை ஏன்? உயரம் ஒன்றாயினும் சிம்லா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 31 பாகையிலும், கொடைக்கானல் 10 பாகையிலும் அமைந்துள்ளன. சிம்லாவில் மார்கழி, தை மாதங்களில் பகல் குறுகும், உறைபனி பொழியும், இரவும் பகலும் குளிர் விடாது. கொடைக்கானலில் அம்மாதங்களில் இரவில் புல்நுனி வெளுக்கும் அளவுக்கு உறைபனி படிவதுண்டு. ஆயினும் காலை ஒன்பது மணிக்குள் கதிரவன் அதனை உருக்கிவிடுவான். இரவு சேர்த்துவைத்த குளிரைப் பகல் செலவழித்துவிடுகின்றது.

அந்த இமாசல நாட்டில் ஆப்பிள் பெருந்தொழிலாக வளர்ந்த கதையை நீங்கள் அறிந்திருத்தல் நன்று. அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் 1904ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார்; சிம்லாவை அடுத்த கோட்கட் பகுதியில் மலைமக்களோடு வாழத் தொடங்கினார். 1916இல் தம் தாய்நாட்டிலிருந்து ‘ரெட் டெலிசியஸ்’ என்னும் வகையின் கன்றுகளை வரவழைத்து நட்டார். நம் நாட்டு விடுதலைப் போரில் கலந்து 1921இல் சிறை சென்றவர் அவர். பின்னாளில் சத்தியானந்தர் என்று பெயர் பூண்டார். அவருக்கு முன்னும் அந்நாட்டில் ஆங்கிலேயர் ஆப்பிள் பயிரிட்டதுண்டு. ஆனால் அவை பெரும்பாலும் புளிப்பு வகைகள். மக்கள் விரும்பும் இனிப்பு வகையை அந்த மண்ணுக்கும் பனிக்கும் பொருந்தத் தேர்ந்து கொணர்ந்ததே ஸ்டோக்ஸின் அறிவுடைமை.

கொடைக்கானலுக்கு ஆப்பிளும் பேரியும் பிளம்ஸும் ஐரோப்பியர் வரவால் வந்தவை. 1845இல் அமெரிக்க மறைப்பணியாளர் அங்கே வீடு கட்டிக் குடியேறியதிலிருந்து அம்மலைநகர் வளர்ந்தது. வந்தவர்கள் தம் ஊர்க் கனிகளையும் உடன் கொணர்ந்தனர். பேரி நிலைத்தது, பிளம்ஸ் நிலைத்தது, ஆப்பிள் தயங்கித் தயங்கியே நின்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று கொடைக்கானலில் உள்ளது. குறைந்த குளிரிலேயே மொட்டு விழிக்கும் ‘பார்லின்ஸ் பியூட்டி’ என்னும் வகையைத் தேர்ந்து, கே.கே.எல். 1 என்று பெயரிட்டு உழவருக்கு வழங்கியது அந்நிலையமே.

வில்பட்டிப் பக்கத்தில் முதியவர் ஒருவரின் தோட்டத்திற்கு ஒருமுறை சென்றிருந்தேன். பேரி மரங்களுக்கு நடுவே பத்து ஆப்பிள் மரங்கள் நின்றன. ஒரே மரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் இருக்கக் கண்டேன். அவர் ஒரு கனியைப் பறித்து வேட்டி முனையில் துடைத்துக் கொடுத்தார். சிறிய கனி, பச்சை நிறத்தின்மேல் ஒருபுறம் மட்டும், வெட்கப்பட்ட கன்னம்போலச் செம்மை படர்ந்திருந்தது. கடித்தவுடன் புளிப்பு முன்னே வந்தது. இனிப்பு பின்னே வந்தது. மணமோ கையிலேயே நின்றது. “வாத்தியாரய்யா, இதைக் கீழே கொண்டுபோனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிவப்பாய் இருந்தால்தான் ஆப்பிளாம்!” என்றார் அவர்.

சிவப்பும் குளிரின் கொடையே. பகலில் தெளிந்த வெயிலும் இரவில் நல்ல குளிரும் மாறி மாறி அமைந்தால் ஆப்பிளின் தோலில் செந்நிறப் பொருள் மிகுதியாக உண்டாகும். கொடைக்கானலில் ஆனிக்குப் பின் மேகமும் தூறலும் மூடுபனியும் பகலை மறைத்துவிடுவதால் கனி வெளிறிப்போகின்றது. சுவையின் செய்தி இன்னும் வியப்பானது. கனியும் மூச்சு விடுகின்றது. இரவு முழுவதும் மூச்சு விடும்போது தன்னிடமுள்ள புளிப்புப் பொருளைச் சிறிது சிறிதாக எரிக்கின்றது. இரவு வெப்பமாயிருந்தால் புளிப்பு விரைவில் எரிந்துபோகும். எஞ்சுவது சப்பென்ற இனிப்பு. இரவு குளிர்ந்தால் புளிப்பு தங்கும். இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். குறிஞ்சிக்கு யாமத்தைப் பொழுதாக வகுத்த பழந்தமிழர் காதலர் சந்திப்பை நினைந்தே அதனை வகுத்தனர் என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் மலைநாட்டுக் கனியின் சுவை நள்ளிரவில்தான் காக்கப்படுகின்றது என்று அறிந்தபோது, அம்மாணவன் கேட்ட கேள்விக்கு ‘ஆகும்’ என்றே விடை சொல்லலாம் எனத் துணிந்தேன். பெயர் பிற நாட்டது ஆயினும், நிலமும் பொழுதும் அதற்கும் முதலாய் நிற்கின்றனவே.

குளிர் போதாத நாட்டில் மனிதர் சில உபாயங்களைக் கண்டுள்ளனர். சாவகத் தீவின் கிழக்கிலுள்ள மாலாங், பத்து என்னும் ஊர்ப்பக்கங்களில் பனிக்காலம் என்பதே இல்லை. அங்குள்ள உழவர் அறுவடை முடிந்த சில வாரங்களில் ஆப்பிள் மரத்தின் இலைகளையெல்லாம் கையால் பறித்துவிடுவர். ஆழ்ந்து உறங்குவதற்குள் மரம் மீண்டும் தளிர்த்துப் பூக்கும். ஆண்டுக்கு இருமுறை கூடக் காய்க்கும். இதனைப் படித்தபோது நம் சமவெளித் திராட்சைத் தோட்டங்கள் என் நினைவுக்கு வந்தன. திராட்சையும் குளிர்நாட்டில் இலையுதிர்த்து உறங்கும் கொடியே. சிறுமலை அடிவாரத்து ஊர்களில் பந்தலிட்டு வளர்க்கும் பன்னீர்த் திராட்சைக்கு உறக்கம் ஏது? பனி செய்ய வேண்டிய வேலையை இங்கே கத்தரிக்கோல் செய்கின்றது. கவாத்து செய்தவுடன் கொடி புதிதாய்த் துளிர்க்கும். கவாத்துக்கேற்ப ஆண்டில் இருமுறையும் அறுக்கலாம். வறண்ட வெயிலில் முற்றிய குலை நன்கு இனிக்கும். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கனி வெடித்து, உழவர் முகம் வாடும். அண்டை மாவட்டமான தேனியின் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் உழவர் ஒருவர் வெயில் மிகுந்த தாழ்நிலத்திலும் காய்க்கும் ஆப்பிள் வகையை உருவாக்கினார், எச்.ஆர்.எம்.என். 99 என்பது அதன் பெயர். அதற்காக அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. போற்றத்தக்க முயற்சிதான். எனினும் காய்ப்பது வேறு, சுவை நிறைந்து கனிவது வேறு என்று கருதுபவன் நான். நம் சமவெளியில் யாரேனும் ஆப்பிள் நட்டால் தடுக்கமாட்டேன். கொய்யா இருக்க அதை ஏன் நடுகின்றீர் என்று மட்டும் கேட்பேன். பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடிக் கொய்யாவை உண்டவர் என் கேள்வியின் நியாயத்தை உணர்வர்.

ஆப்பிள் வந்தேறிய மரம். நம் மலைகளுக்கே உரிய பெருமை வேறொரு கனியில் இருக்கின்றது. அதுவே மலைவாழை. சிறுமலையில் விளைவது சிறுமலை வாழை. பழனிமலையின் தாழ்ந்த சரிவுகளில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களில் விளைவது விருப்பாச்சி வாழை. மலையடிவாரத்திலுள்ள விருப்பாச்சி என்னும் ஊரின் பெயர் அதற்கு வழங்குகின்றது. கோபால நாயக்கர் ஆண்டதும், வேலு நாச்சியார்க்கு அடைக்கலம் தந்ததும் அவ்வூரே. இவ்விரு வாழைகளும் 2008ஆம் ஆண்டுவாக்கில் புவிசார் குறியீடு பெற்றன.

வாழை வெப்பநாட்டுப் பயிர். குளிர் மிகுந்தால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். ஆதலின் கொடைக்கானல் உச்சியில் அது வாழாது. அடிவாரத்தின் வெப்பத்திற்கும் உச்சியின் குளிருக்கும் நடுவே, காப்பித் தோட்டத்து நிழலில், வானம் பார்த்த மண்ணில் அது வளர்கின்றது. சமவெளி வாழைகள் ஓராண்டுக்குள் குலை தள்ளி முற்றிவிடும். மலைவாழைக்கு அவ்வவசரம் இல்லை. குலையை வெட்டப் பதினான்கு திங்களும் அதற்கு மேலும் ஆகும். மெல்ல வளர்ந்த கனியில் நீர் குறையும், தோல் தடிக்கும், மணம் செறியும். பழனித் திருக்கோயிலின் பஞ்சாமிருதத்திற்கு விருப்பாச்சி வாழையைத் தேடியதன் காரணம் இதுவே. நீர் குறைந்த கனியாதலின், ஒரு சொட்டு நீரும் சேர்க்காமல் பிசையும் பஞ்சாமிருதம் பல நாள் கெடாமல் இருக்கும். அப்பஞ்சாமிருதத்திற்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

என் தமக்கையின் கணவர் செம்பட்டிக்கு அருகில் கிணற்றுத் தோட்டம் உடையவர். மலையிலிருந்து பத்துக் கன்றுகள் கொணர்ந்து, எருவிட்டு, நாள்தோறும் நீர் பாய்ச்சி வளர்த்தார். வாழைகள் மதமதவென்று ஓங்கின. குலைகளும் பெரியனவாய் வந்தன. உறவினரையெல்லாம் அழைத்துப் பழத்தைக் கொடுத்தார். எல்லாரும் உண்டனர், நன்றென்றனர், இரண்டாவது பழத்தை எவரும் எடுக்கவில்லை. என் தமக்கை மட்டும், “மலையைத் தூக்கிவர மறந்துவிட்டீர்கள்” என்றாள்.

இத்தகைய கனி ஏறக்குறைய அழிந்தே போயிற்று என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். 1970களில் பழனிமலையின் தாழ்சரிவுகள் உள்ளிட்ட மலைப்பகுதிகளில் மலைவாழை ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் பரப்பில் இருந்தது. முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோய் அதனைப் பற்றியது. அசுவினி என்னும் சிறு பூச்சி அந்நோயை மரத்திற்கு மரம் சுமந்து செல்லும். நோயுற்ற வாழையின் பக்கக் கன்றிலும் நோய் இருக்கும். அதனை அறியாமல் பெயர்த்து நட்டவர்கள் நோயையும் சேர்த்து நட்டனர். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாகக் குவியும், குலை வராது. பரப்பு ஏறத்தாழ 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. மலைவாழையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல காப்பிக்கும் மிளகுக்கும் மாறின. பின்னர், திருச்சிராப்பள்ளியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், தடியன்குடிசையில் ஆராய்ச்சி நிலையம் வைத்துள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நச்சுயிரி அற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையால் பெருக்கி மலைக்கு அனுப்பின. திண்டுக்கல்லில் சிறுமலைச் செட்டு என்னும் சந்தையில் இன்று மலைவாழைத்தார் ஏலம் போவது அதனால்தான். சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து அத்தார்களைக் குதிரையின்மேல் ஏற்றிக் கொணர்வது சிறுமலை வழக்கம்.

நோயினின்றும் மீண்ட மலைக்கு இப்போது வேறொரு கவலை. உலகின் வெப்பம் ஏறிவருகின்றது. இமாசலத்தில் குலுப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் ஆப்பிளுக்குப் போதிய குளிர் கிடைக்காமல், உழவர் மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறினர்; ஆப்பிளோ மேலேறி, முன்பு பயிரிடப்படாத கின்னௌர், லாகுல் மலைகளின் உயர்ந்த சரிவுகளில் இடம் தேடிக்கொண்டது. இமயத்தில் ஏறுவதற்கு இடம் உண்டு. நம் பழனிமலைத் தொடரின் மிக உயர்ந்த சிகரமாகிய வந்தரவின் உயரமே 2,533 மீட்டர்தான். கொடைக்கானலுக்கு மேல் எஞ்சியிருப்பது நானூறு மீட்டரளவு. அங்கும் சோலைக்காடும் புல்வெளியும் வனவிலங்குச் சரணாலயமும் இருக்கின்றன. கலப்பை அங்கே செல்லலாகாது.

வில்பட்டி முதியவரிடம், விலை போகாத அப்பத்து மரங்களை ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். அவர் ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். நுனியில் ஐந்தாறு மொட்டுகள் தளிர்த்திருந்தன. அவற்றின் கீழே ஒரு முழ நீளம் மொட்டுகள் விழிக்காமல் காய்ந்திருந்தன. “என் தகப்பனார் காலத்தில் கிளை முழுவதும் பூக்கும் ஐயா. ஒவ்வோர் ஆண்டும் தை முடிந்தபின் வந்து, எத்தனை மொட்டு விழித்தது என்று எண்ணிப் பார்ப்பேன். இரவு எவ்வளவு குளிர்ந்தது என்பதை எனக்குச் சரியாகச் சொல்வது இந்த மரங்கள்தாம்” என்றார். பின்பு கிளையை விட்டுவிட்டுப் பேரிக்காய் ஏற்றிக்கொண்டிருந்த வண்டியை நோக்கி நடந்தார்.